சப்பரம் ஏறிய பிரதமர்

பிரதமரின் படத்தைச் சப்பரத்தில் ஏற்றலாம் என்று முதலில் வாயைத் திறந்தவன் ராமசாமிதான். மற்றவர்கள் எல்லாம் டிராக்டர் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். தனசேகரன் வீட்டுப் புது டிராக்டர், முன்னால் இரண்டு வாழைமரம், டிரெய்லரில் படம், ஒரு மைக் செட். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. அப்படியே செய்து தொலைத்திருந்தால் ஒரு ஆள் இன்றைக்கும் உயிரோடு இருப்பான்.

"எருவு ஏத்தற வண்டியிலயா அவர ஏத்தறது? ராஜாப்பா அவரு. தோள்ல தூக்கணும். நம்ம அம்மன் சப்பரம் சும்மாதான கெடக்குது?" என்றான் ராமசாமி.

கூட்டம் ஒரு நொடி யோசித்தது. பிறகு ஓவென்று கத்தி ஒப்புக்கொண்டது.

அது தொண்ணூறாம் வருஷம், ஆகஸ்டு மாதம். மத்திய அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு நூற்றுக்கு இருபத்தேழு இடம் என்று வி.பி.சிங் டெல்லியில் அறிவித்திருந்தார். வடக்கே பஸ் எரிகிறது, காலேஜ் பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், பத்திரிகைகள் அவரைத் திட்டித் தீர்க்கின்றன என்று பேப்பரில் வந்தது. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேலாக்குறிச்சியிலோ அவர் பெயரைச் சொன்னால் டீக்கடையில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். எங்கோ ஒரு ராஜா வீட்டுக்குத் தத்துப் போனவராம். தன் நிலத்தையே பூதானத்தில் கொடுத்தவராம். கொள்ளைக்காரர்களை ஒழிக்காவிட்டால் விலகுவேன் என்று சொல்லி, சொன்ன சொல்லுக்காக முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கியவராம். அரசியல்வாதியைப் பற்றி இப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லாத ஊர் அது. தலைகால் புரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

கள்ளக்குறிச்சியில் சினிமா பேனர் வரைகிறவரிடம் ஆறடி உயரத்துக்குப் படம் சொன்னார்கள். அவர் தலையில் ரோமக் குல்லா, கண்ணாடி எல்லாம் சரியாகத்தான் வரைந்திருந்தார். பார்க்கப் போனவர்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ராஜான்றீங்க, மீசையே காணோமே?" என்று கேட்டார்கள். பேனர்காரர் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு பக்கமும் முறுக்கி ஒரு மீசை வைத்துக் கொடுத்தார். வி.பி.சிங்கே நேரில் வந்திருந்தாலும் அந்தப் படம் யாருடையது என்று விசாரித்துவிட்டுத்தான் போயிருப்பார்.

படத்தின் கீழ் மூலையில் இன்னொரு முகம் இருந்தது. அதற்காகத்தான் ராமசாமி இவ்வளவு மெனக்கெட்டான். அவன் தம்பி சின்னதுரையின் முகம் அது. எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை மறித்தார்களே, அந்த மறியலின் முதல் நாள் புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டு அதன் மேலேயே ஏறி நின்றவன். போலீஸ் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்தது. இருபத்துநாலு வயசு. ராமசாமி துண்டைச் சுருட்டித் தம்பியின் கழுத்தில் வைத்து அழுத்தினான். துண்டு நனைந்தது, வேட்டி நனைந்தது, அழுத்திய கை வழுக்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ரோட்டில் வண்டி ஓடவில்லை. ஓட விடாமல் மறித்தவர்களே அவர்கள்தானே. இந்த நினைப்பு மூன்று வருஷமாக ராமசாமியைத் தின்றுகொண்டிருந்தது. பிரதமரின் காலடியில் தம்பி முகம் ஊர் தோளில் போக வேண்டும், அவன் வெறுமனே செத்தவன் இல்லை என்று எல்லாரும் பார்க்க வேண்டும். ஊர்வலத்துக்கு அவன் செத்த நாளையே குறித்தார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை. அதே மறியல் வாரத்தில் ஊர் ஆண்கள் காலனிக்குள் புகுந்தார்கள். காலனிக்காரர்கள் யாரையும் சுடவில்லை, எதையும் மறுக்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவன் மேல் காட்ட முடியாத கோபத்தை எங்கேயாவது காட்ட வேண்டியிருந்தது, பக்கத்தில் கூரைகள் இருந்தன. அவ்வளவுதான் காரணம். நாலாவது குடிசையில் தீயை வைத்தது ராமசாமியின் கை. அது பிச்சைமுத்துவின் வீடு. உள்ளே கட்டியிருந்த ஆடு கத்திக்கொண்டே வெந்தது. பிச்சைமுத்து மனைவி ஜெயம்மாளை இழுத்துக்கொண்டு சோளக்கொல்லைக்குள் ஓடிப் பிழைத்தான். ஒரு மாதம் கழித்து அதே பிச்சைமுத்து மண்வெட்டியோடு ராமசாமியின் கரும்புக்குத் தண்ணீர் கட்ட வந்து நின்றான். வேறு எங்கே போவான்? இரண்டு பேரும் மூன்று வருஷம் சேர்ந்து வேலை செய்தார்கள். ஆட்டைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

ஊர்வலத்துக்கு மூன்று நாள் முன்பு கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தபோது பிச்சைமுத்து நிமிர்ந்தான்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளு."

"எங்காளுங்களும் அந்தப் படத்துக்கு ஒரு மாலை போடணும்னு சொல்லிக்கினு இருக்காங்க."

ராமசாமி கையில் இருந்த சோகையைக் கீழே போட்டான். "உங்களுக்கு இன்னாய்யா அதுல?"

"அம்பேத்கருக்கு அந்தப் பெரிய விருது குடுத்தது இவருதானுங்க. பார்லிமெண்ட்டுக்குள்ள படம் மாட்டனதும் இவருதான். இத்தினி வருசமா எவனுக்குந் தோணல. உங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே எங்களுக்குச் செஞ்சிட்டாருங்க." பிச்சைமுத்து இதைச் சொல்லும்போது சிரித்தான். "தெருவுக்குள்ள வாங்கன்னு கேக்கல. கூட்ரோட்டுல ஒரு நிமிசம் நிறுத்துனா போதும். மாலைய உங்க கையில குடுத்துடறேன். நீங்களே போட்டுடுங்க. எங்க கை படவே வேணாம்."

இதைவிடக் குறைத்து ஒரு மனிதன் எப்படிக் கேட்க முடியும்? ராமசாமிக்கு அந்த நாலாவது குடிசை ஞாபகம் வந்தது. இத்தனை நாள் உள்ளே கிடந்து உறுத்தியதைச் சுலபமாக இறக்கி வைக்க ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது.

"குடு. நான் வாங்கிப் போடறேன்."

இரண்டு பார் வரிசை தள்ளி நின்ற ஜெயம்மாள் இவன் பக்கம் திரும்பினாள். "ஆளுங்கள கண்டதும் மாத்திப் பேசமாட்டீங்களே?"

அவனுக்குச் சுருக்கென்றது. "ராமசாமி வாக்கு குடுத்தா மாறாது. போயி பூவுக்குச் சொல்லுங்க."

கரும்புக்குள் நிற்கும்போது அது வெறும் படம்தான். சீலையில் பெயிண்ட் அடித்த படம். ஊர்வலத்தன்று காலையில் அது சப்பரத்தில் ஏறியதும் நடந்தது வேறு.

சப்பரம் என்று வந்துவிட்டால் அதன் பின்னாலேயே எல்லாம் வரிசையாக வந்துவிடும். பூசாரி தானாகவே வந்து கற்பூரம் காட்டினார். தூக்குகிற பதினாறு பேருக்கும் ஈர வேட்டி, கையில் மஞ்சள் காப்பு. பெண்கள் குடத்தோடு வந்து அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ராமசாமியின் மனைவி ஆண்டாள் கொழுந்தன் முகத்துக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, அதே குங்குமத்தைப் பிரதமரின் நெற்றியிலும் வைத்தாள். யாரோ ஒருத்தி மடியேந்திப் பிள்ளை வரம் கேட்டாள். பத்து மணிக்குள் வி.பி.சிங் சாமியாகிவிட்டார்.

சாமிக்குப் போகிற வழி உண்டு, நிற்கிற இடம் உண்டு. வேலாக்குறிச்சியில் அம்மன் சப்பரம் நாலு இடத்தில் நிற்கும். கூட்டுரோட்டில் மட்டும் நிற்காது. காலனித் தெரு வந்து சேரும் இடம் அது. அங்கே மேளத்தை நிறுத்திவிட்டு, தூக்குகிறவர்கள் ஓட்டமாக ஓடிக் கடந்துவிட வேண்டும். அம்மன் பார்வை அந்தத் தெருவில் விழக்கூடாதாம். பதினெட்டு வயசிலிருந்து சப்பரம் தூக்குகிற ராமசாமிக்கு இது தெரியாதா? தெரியும். கையில் காப்புக் கட்டும்போதுதான் உறைத்தது.

அவன் தனசேகரனிடம் போனான். ஊரில் பாதி நஞ்சை தனசேகரனுடையது. அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறவன் என்பதால் அன்றைக்குப் பட்டுத்துண்டு கட்டி முன்னால் நின்றான்.

"கூட்ரோட்டுல ஒரு நிமிசம் நிறுத்திக்கலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். தோள் மாத்திக்கலாம்னு."

"தோள் மாத்தற எடமாய்யா அது? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஒரு மாலைதானே என்று. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ராமசாமி சப்பரத்தைத் தூக்கும் தண்டுகளில் முன் தண்டயத்தின் வலப்பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தான்.

கூட்டுரோட்டில் காலனிக்காரர்கள் நாற்பது பேர் நின்றார்கள். குளித்து, வெளுத்த சட்டை போட்டு, ஓரமாக, வேலியை ஒட்டி. முன்னால் பிச்சைமுத்து. இரண்டு கையிலும் ஏந்திய சாமந்தி மாலை முழங்கால் வரை தொங்கியது. பக்கத்தில் ஜெயம்மாள், அவள் தம்பி வீரமணி.

மேளம் நின்றது. "ஓடு, ஓடு" என்று பின்னால் குரல் கேட்டது. பிச்சைமுத்து இரண்டு எட்டு முன்னால் வந்து மாலையை ராமசாமியின் பக்கம் நீட்டினான். நேர் எதிரில் ஆள் நிற்கவும் முன்வரிசை தடுமாறி நின்றது. சப்பரம் நிற்கும்போது தண்டயத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற ஆயக்கால் என்ற கவைக்கட்டைகளை அவசரமாக ஊன்றினார்கள். முதிர்ந்த வேம்பில் செய்த கட்டைகள். ஒவ்வொன்றும் ஆள் தோள் உயரம்.

"இன்னாடா இது?" என்றான் தனசேகரன்.

"மாலைங்க. அவரு வாங்கிப் போடறேன்னாரு."

"எவரு?"

பிச்சைமுத்து ராமசாமியைப் பார்த்தான். நாற்பது பேரும் பார்த்தார்கள். தண்டயத்துக்கு அடியில் இருந்த பதினைந்து பேரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்னால் ஊரே நின்றது.

"நீ சொன்னியா?" தனசேகரன் கேட்டான். "சாமி மேல இவனுங்க மாலைய போடறேன்னு நீ சொன்னியா?"

ராமசாமி தனசேகரனின் பட்டுத்துண்டைப் பார்த்தான்.

"இல்லியே. நான் ஒண்ணும் சொல்லல," என்றான்.

பிச்சைமுத்துவின் முகத்தில் கோபம் வரவில்லை. சரியாகக் காதில் விழாதவனைப் போல் ஒரு கணம் நின்றான். "கரும்புல நின்னுக்கினு சொன்னீங்களே," என்றான்.

"பொய் பேசறான். தள்ளுங்கடா அவன," என்றான் ராமசாமி.

அதற்குப் பிறகுதான் பிச்சைமுத்துவுக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷமாக வராத கோபம். எரிந்த கூரைக்கும் வெந்த ஆட்டுக்கும் வராதது ஒரு பொய்க்கு வந்தது. "படத்துக்குத்தான மாலை. இது இன்னா உங்க சாமியா? பிரதமருங்க அவரு, எங்களுக்குந்தான் பிரதமர். நானே போடறேன்," என்று சொல்லித் தண்டயத்துக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டான்.

நாலு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். பாய்ந்தவர்கள் தோளை எடுத்து, ஆயக்காலையும் தட்டிவிட்டதால் சப்பரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஆறடிப் படம் கயிற்றை அறுத்துக்கொண்டு தலைகுப்புற விழுந்தது. ஜெயம்மாள் "வுடுங்கடா அவர, வுடுங்கடா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஒருவன் அவள் கொண்டையைப் பிடித்துச் சுழற்றி ரோட்டில் எறிந்தான். வீரமணி கல்லை எடுத்தான். படத்தின் மேல் கால்கள் ஓடின. ஒரு கால் சின்னதுரையின் முகத்தில் பொத்தென்று இறங்கிச் சீலையைக் கிழித்துக்கொண்டு மண்ணைத் தொட்டது. யாருடைய கால் என்று ராமசாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது ஈர வேட்டி கட்டிய கால் என்று தெரிந்திருக்கும். தம்பி முகத்தில் ஓட்டை விழுந்தது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது, எதிரே பிச்சைமுத்து இருந்தது மட்டும்தான் தெரிந்தது. தன் பொய்யைக் கண்ணால் பார்த்துவிட்ட ஆள் அவன் என்பதும் உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருக்க வேண்டும்.

ஆயக்காலை உருவினான். முதல் அடி தோளில் விழுந்தது. பிச்சைமுத்து மாலையோடு சேர்த்துக் கையைத் தூக்கித் தடுத்தான். இரண்டாவது அடியில் கை ஒடிந்த சத்தம் கேட்டது. மூன்றாவது தலையில். கவைக்கட்டையின் இரண்டு கொம்பில் ஒன்று காதுக்கு மேலே இறங்கியது. பிச்சைமுத்து உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே ராமசாமியை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். நாலாவது அடி அந்த வாயில் விழுந்தது. ஐந்தாவது எதற்கு என்று ராமசாமிக்கே பிறகு தெரியவில்லை. ஆள் அதற்கு முன்பே போய்விட்டான்.

அப்புறம் நடந்ததை யார் நிறுத்த முடியும்? ஊர் காலனிக்குள் புகுந்தது. வீரமணி கூரைமேல் ஏறி நின்று கல்லெறிந்தான். அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டு முழங்கைக்குக் கீழே அரிவாளால் வெட்டினார்கள். காலனிப் பெண்கள் அம்மிக் குழவியையும் உலக்கையையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஊர்க்காரன் ஒருவனுக்கு உலக்கை பட்டுத் தாடை தொங்கியது. பதினொரு வீடு எரிந்தது. பிச்சைமுத்து இரண்டாந்தடவை கட்டிய வீடும் அதில் ஒன்று. ஜெயம்மாள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுரோட்டில் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உடைந்த மண்டையை இரண்டு உள்ளங்கையாலும் சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சேர்த்துப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

போலீஸ் வருவதற்குள் ராமசாமியும் இன்னும் நாலு பேரும் வடக்கனந்தல் வழியாக அணைக்கட்டைத் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார்கள். காப்பு கையிலேயே இருந்தது. மேலே சடையன் என்ற மலைக்காரர் தனசேகரனுக்குக் கடுக்காய் விற்றுப் பழகியவர். தன் சாமைக் கொல்லைக் குடிசையில் இடம் கொடுத்தார். சாமைக்கூழும் மரவள்ளிக் கிழங்கும் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஐம்பது நாள் அங்கே இருந்தார்கள். ராமசாமி அருவியில் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். ஒரே கை இரண்டு பேரின் ரத்தத்தில் நனைந்திருந்தது, ஒருவனைக் காப்பாற்றப் போய், ஒருவனைக் கொல்லப் போய். எந்தக் கறை யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கூட இருந்தவர்கள் நடந்ததைச் சத்தமாகப் பேசிக்கொண்டே சீட்டாடினார்கள்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஒருவன் கீழே போய்ப் பேட்டரி வாங்கி வந்து டிரான்சிஸ்டரைத் திருகினான். டெல்லியில் ஓட்டெடுப்பில் தோற்று வி.பி.சிங் பதவி விலகிவிட்டார் என்றது செய்தி. இருபத்தேழு சதவீதத்துக்குக் கோர்ட் போட்ட தடையும் அப்படியே நின்றது.

"அவ்ளோதானா?" என்றான் ஒருவன்.

"எவன் இருந்தா நமக்கின்னா? பாட்டு வையிடா," என்றான் இன்னொருவன். இரண்டு மாதத்துக்கு முன் மஞ்சள் காப்புக் கட்டி, ஈர வேட்டியோடு அவரைத் தோளில் தூக்கியவன்தான் அவன். பாட்டு வைத்தார்கள். அந்த மனிதர் பெயரை அதற்குப் பிறகு அந்தக் குடிசையில் யாரும் சொல்லவில்லை.

ராமசாமி மட்டும் வெளியே வந்து உட்கார்ந்தான். சடையன் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"போனவரு உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பாத்திருக்கியா?"

"படத்துலதான்."

சடையன் முறத்தைக் கீழே வைத்தார். "அவருக்காவ ஒருத்தன அடிச்சே கொன்னுட்டியேப்பா," என்றார். திட்டவில்லை. சொல்லிவிட்டு மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார். அவருக்காக இல்லை என்று சொல்ல ராமசாமிக்கு வாய் வந்தது. பின்னே எதற்காக என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் தனசேகரன் வெள்ளிமலை வரை ஜீப்பில் வந்து ஆளனுப்பி அவனைக் கூப்பிட்டான். எல்லாம் பேசி முடித்துவிட்டானாம். கோட்டாட்சியர் விசாரணை நடக்கப் போகிறது. காலனிக்காரர்கள் சப்பரத்தை வழிமறித்தார்கள், படத்தைக் கிழித்தார்கள், பிச்சைமுத்து தண்டயத்துக்கு அடியில் நுழைந்தபோது சப்பரம் அவன் மேல் சாய்ந்து செத்தான். ஊரில் முப்பது பேர் இதையே சொல்லுவார்கள்.

"நீ தோள் குடுத்தவன். நீ சொன்னா எடுபடும். துப்பாக்கிக்குத் தம்பிய குடுத்தவன் வேற. நான் ஒண்ணும் சொல்லல, ஒண்ணும் பண்ணலன்னு நில்லு. போதும்," என்றான் தனசேகரன்.

"வீரமணி?"

"அவன்தான் கலவரத்துக்குக் காரணம்னு எழுதியாச்சு. ஒத்தக் கையோட உள்ள கெடக்கறான். நீ ஏன் அத கேக்கற?"

ஒன்றும் சொல்லவில்லை என்று நில். ராமசாமிக்கு இதை ஒரு தடவை சொன்ன அனுபவம் இருந்தது.

கள்ளக்குறிச்சியில் விசாரணை நடந்த அறை சின்னது. ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் காலனி, நடுவில் போலீஸ். அதிகாரி கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். ஜெயம்மாள் முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒரே பாடத்தை ஒப்பித்தார்கள். ராமசாமியின் முறை வந்தது.

"மாலை போடலாம்னு காலனிக்காரங்களுக்கு யாராவது அனுமதி குடுத்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

தனசேகரன் இருமினான். ஆண்டாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கையைக் கூப்பினாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"நான் குடுத்தேன் சார்," என்றான் ராமசாமி.

அதிகாரி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"மாலைய என் கையில குடு, நான் போடறேன்னு சொன்னேன். கரும்புல நின்னுக்கினு சொன்னேன். அவன் பொய் பேசல. நான்தான் பேசனேன்." தனசேகரன் மறுபடியும் இருமினான். ராமசாமி நிறுத்தவில்லை. "சப்பரம் சாயல அவன் மேல. ஆயக்கால உருவி நான்தான் அடிச்சேன். அஞ்சு அடி. எண்பத்தேழுல அவன் வூட்டக் கொளுத்தனதும் நான்தான். நாங்க பாஞ்சதுக்கப்புறந்தான் வீரமணி கல்லு எடுத்தான் சார். அவன் மேல தப்பு இல்ல."

முதலில் பாய்ந்தது தண்டயத்தில் அவனுக்குப் பின்னால் தோள் கொடுத்தவன்தான். நாற்காலி பறந்தது. "ஜாதிய காட்டிக் குடுக்கறியாடா, தம்பிய சாவ குடுத்துட்டு" என்று கத்திக்கொண்டே கழுத்தைப் பிடித்தான். வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உடன் மலையில் ஐம்பது நாள் கூழ் குடித்த நாலு பேரும் மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்தது. முன்பல் இரண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. ராமசாமி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. போலீஸ்காரர்கள் லத்தியால் விலக்கி அவனைத் தூக்கித் தூணில் சாய்த்தார்கள். ஜன்னல் பக்கம் ஆண்டாள் இல்லை.

காலனிக்காரர்கள் வெளியே வந்தார்கள். வீரமணி வந்துவிடுவான் என்று யாரோ ஒரு பெண் அழுதாள். ஜெயம்மாள் நேராக ராமசாமியிடம் வந்தாள். ஒரு போலீஸ்காரர் குறுக்கே கையை நீட்டினார். அவள் அடிக்க வரவில்லை என்று பார்த்ததும் கையை இறக்கினார். ராமசாமி ரத்தம் ஒழுகும் வாயோடு அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவனுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. திட்டினாலும் போதும், காறித் துப்பினாலும் போதும். இவ்வளவு பேருக்கு எதிரே உண்மையைச் சொல்லிவிட்டோம், அதற்கு ஒரு பங்கு ஏதாவது கிடைக்கும் என்று பாழும் மனசு எதிர்பார்த்தது.

"இப்ப சொல்லத் தெரிஞ்ச இல்ல?" என்றாள் ஜெயம்மாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "இதே வார்த்தய அன்னிக்குக் கூட்ரோட்டுல சொல்லியிருந்தா, அவுனுங்க உன்னத்தான்யா ரெண்டு அடி அடிச்சிருப்பானுங்க. பல்லு போயிருக்கும், பொழச்சிருப்ப. எம்புருசனும் வூட்டுக்கு வந்திருப்பான்."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் ஆட்களோடு தியாகதுருகம் பஸ்ஸுக்குப் போனாள். போலீஸ்காரர் ராமசாமியின் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்.